சுக்குக் கிடங்கில் சாயா நேரம்

சுகாதாரத் துறையில் களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டாஞ்சேரியில் முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிய நர்ஸ் நான். ஓய்வு பெற்றபோது மூட்டுவலியும் அறிவுரை சொல்லும் ஆசையும் சேர்ந்தே வந்துவிட்டன. உங்களில் பாதிப் பேர் மலையாளத்தில்தான் வேகமாகப் படிப்பீர்கள், நாலு பக்கம் தமிழைப் பார்த்தால் கொட்டாவி விடுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. நான் செய்த நல்லதைச் சொல்ல என் பிரிவு உபசார விழாவில் ஆள் இருந்தது. இதைச் சொல்ல நான் மட்டும்தான் இருக்கிறேன்.

கொரோனா வந்த முதல் வருடம். முகக்கவசம் கட்டாயம் என்று உத்தரவு வந்த நாளிலிருந்து என் வார்டில் நான் சண்டை போடாத ஆள் இல்லை. ஒரு பலசரக்குக் கடைக்காரர் நாள் முழுக்க ஒழுங்காக முகக்கவசம் போட்டிருப்பார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, “வாங்க சிஸ்டர்” என்பார். பெரிய மனிதர்களைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர். மூடிய வாயோடு சர்க்கார் ஆளிடம் பேசுவது அவருக்கு மரியாதைக் குறைவு. நான் “மேலே ஏத்துங்க” என்று கத்துவேன். ஏற்றுவார். பதில் சொல்ல வேண்டி வந்ததும் மறுபடி இறக்குவார். ஊரில் எல்லோரும் என்னை மதித்தே கொன்றுவிடுவார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

இப்படிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒரு நாளில்தான் அந்தச் சுக்குக் கிடங்குக்குப் போனேன். பஜார் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பின்பக்கம் காயல் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் பழைய கட்டடம். இருபது பெண்கள் வேலை செய்தார்கள். எல்லோரும் இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். காய்ந்த சுக்கைத் தேய்த்து, புடைத்து, தரம் பிரிக்கும் வேலை. உள்ளே நுழைந்தால் தூசி கண்ணைக் கரிக்கும். ஆகவே அந்தப் பெண்கள் கொரோனாவுக்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டித்தான் வேலை செய்வார்கள். நான் போன அன்று இருபது முகங்களும் கண்ணுக்குக் கீழே மூடியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போட்டோ எடுத்தேன். அறிக்கையில் பாராட்டி எழுதினேன். மற்ற இடங்களில் அந்தப் போட்டோவைக் காட்டி, “இவங்களைப் பாருங்க, சொல்லாமலே செய்றாங்க” என்று பெருமை பேசினேன். வாரம் இரண்டு முறை போக வேண்டிய இடத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும் என்று நானே முடிவு செய்தேன். தொல்லை கொடுக்கிற இடங்களுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாமே என்பது என் கணக்கு.

அங்கே மூப்பத்தி, அதாவது வேலைக்காரப் பெண்களுக்குத் தலைவி, ஜைனம்புக்கா. ராவுத்தர் வீட்டுப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சர்க்கரை நோய்க்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குவார். தரம் பிரித்த சுக்கு கடைசியாக அவரிடம்தான் வரும். ஒரு சுக்கை ஒடிப்பார், முகத்துத் துண்டைச் சற்றே விலக்கி முகர்ந்து பார்ப்பார், இது இந்தக் குவியல், அது அந்தக் குவியல் என்று கையைக் காட்டுவார். அவர் மூக்கு சொன்னதை முதலாளி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்.

நோயைப் பற்றி அந்தப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஜைனம்புக்கா அதை இப்படிச் சொல்வார்: “உங்க ஆஸ்பத்திரியில சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்றீங்க இல்லையா சிஸ்டரே? நாங்க அதைத்தானே நாள் முழுக்க சுவாசிக்கிறோம். எங்களை அது என்ன செய்யும்?” முப்பத்தைந்து வருடம் ஒரு நாளும் காய்ச்சலில் படுக்காத அவரே அதற்குச் சாட்சி. மற்றப் பெண்கள் அவரைக் கையால் காட்டுவார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். துண்டைக் கட்டியிருக்கிறார்களே, எதை நம்பினால் என்ன என்று நினைத்தேன்.

எங்கள் சுகாதார நிலையத்து டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். என் போட்டோவைப் பார்த்துவிட்டு அவர் பாராட்டவில்லை. மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சிஸ்டர், நீங்கள் அங்கே எத்தனை மணிக்குப் போவீர்கள்?”

“ஒன்பதரைக்கு. வேலை நல்லா ஓடுற நேரம்.”

“சாயா நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்றுப் படிப்பு முடித்து வந்தவர் எனக்கு நேரம் பார்க்கச் சொல்லித்தருகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே, பத்து நாள் கழித்துத்தான் போனேன். அந்தப் பத்து நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

பத்தரை மணி. வேலை நின்றிருந்தது. துண்டுகள் எல்லாம் அவிழ்ந்து கயிற்றில் தொங்கின. உள்முற்றத்துக்குப் போகும் குறுகலான நடையில், சாக்குகள்மேல், தோளோடு தோள் உரசி இருபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாயா குடித்து, ஒருத்தி மடித்த வெற்றிலையை இன்னொருத்தி வாங்கிப் போட்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருமலும் சிரிப்பும் கலந்து வந்தன.

“துண்டு எங்கே?” என்று கத்தினேன்.

ஒரு பெண் உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். “இப்போ தூசி இல்லையே சிஸ்டரே.”

அவர்கள் துண்டைத் தூசிக்காகக் கட்டினார்கள். தூசி நின்றதும் அவிழ்த்தார்கள். என் உத்தரவுக்கும் அந்தத் துண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. நான் துணியைப் பார்த்தேனே தவிர, அது எதற்காக முகத்தில் இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முப்பது வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான்.

அன்று நீளமாகப் பேசினேன். கண்ணுக்குத் தெரியாதது, தூசியைவிடச் சின்னது, பேச்சில் பரவும், சிரிப்பில் பரவும் என்றெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். “யாருக்காவது இருமல் இருக்கா?” என்று கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். “எங்களுக்கு இருமல் இல்லாத்த நாள் ஏது? இது கோடவுன் இருமல். நெஞ்சைச் சுத்தம் செய்யும்.” எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி அந்த இடத்தில் ஒரு காசுக்குப் பயன்படவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனால் மறுபடி அதே சாக்கு, அதே நெருக்கம். ஆளுக்கொரு முகக்கவசம் கொடுத்திருந்தேன். தூசி பட்டால் அழுக்காகிவிடும் என்று பத்திரமாகப் பையில் வைத்திருந்தார்கள்.

மறுநாளும் போனேன். இவர்களை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சாயாவுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஜைனம்புக்கா ஒரு சுக்கை ஒடித்து முகர்ந்தார். பிறகு அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டி, “நீ சொல்லு, பார்ப்போம்” என்றார். அவள் சொன்ன குவியலில் போட்டார். அடுத்த சுக்கு. மறுபடி, “இது?” அவளுக்கு வேலை கற்றுக்கொடுப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவள், அவளுக்குக் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது? ஜைனம்புக்கா யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வாசனை தெரியாமல் போவதும் இந்த நோயின் அடையாளம் என்று அப்போதுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் நின்ற நிலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கேயே சத்தம் போட்டிருந்தால் அந்த அம்மாவின் மூக்கு போய்விட்டது என்று முதலாளி முதல் சாயாக்காரர் வரை தெரிந்துவிடும். மற்றப் பெண்கள் பயந்து அவரவர் சந்துக்கு ஓடுவார்கள். அதன்பிறகு எவளும் என்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டாள். சும்மா இருந்தால் இருபது நிமிடத்தில் அவர் நடுச்சாக்கில் உட்கார்ந்து சாயா குடிப்பார். யோசிக்க நேரமில்லை. “ஜைனம்புக்கா, சர்க்கரை பார்க்கணும், முற்றத்துக்கு வாங்க” என்று கூப்பிட்டேன்.

முற்றத்தில் காயல் காற்று அடித்தது. நாலடி தள்ளி நின்று, “எத்தனை நாளாச்சு?” என்று கேட்டேன்.

மறைக்கப் பார்த்தார். பிறகு தலைகுனிந்துகொண்டார். “நாலு நாள். சுக்குப் போட்டு ஆவி பிடிச்சேன். கொஞ்சம் காய்ச்சல் அடிச்சது, போயிடுச்சு. மணம் மட்டும் வரல.”

விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். நன்றாக நின்று பேசிக்கொண்டிருக்கிற மனுஷிக்கு எண் தொண்ணூறுக்குக் கீழே நின்றது. கருவி கெட்டுப்போயிருக்கும் என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். கருவியில் குறையில்லை.

“அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்.”

“வேண்டாம்.” உறுதியாகச் சொன்னார். “மூக்கு போனவளை இங்க யார் வெப்பா? அதுகூடப் போகட்டும். இவளுக என்னைப் பார்த்துத்தானே பயமில்லாம இருக்காளுக? நான் படுத்தா எல்லாரும் பேடிச்சுப் போவாளுக. சுக்கு கைவிட்டுடுச்சுன்னு நினைப்பாளுக.”

எனக்கு வாய் வரை வந்தது, சுக்காவது மண்ணாங்கட்டியாவது என்று. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் சொல்லியே இருப்பேன். அவர் விறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், நாலு சுவருக்குள் மூச்சு முட்டிச் செத்திருப்பார். பயத்தால் அவர் மறைக்கவில்லை. இருபது பேரின் தைரியம் தன் தலைமேல் இருக்கிறது என்று நம்பினார். அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கினால் வர மாட்டார். அதையே வேறு பக்கம் திருப்பிவிட வேண்டியிருந்தது.

“அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு முதல்ல சொன்னது எது? காய்ச்சலா? நானா?”

யோசித்தார். “மணம் தெரியாம போனதுதான்.”

“எதோட மணம்?”

அவர் கிடங்கு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தொடர்ந்தேன். “அப்போ சுக்கு உங்களைக் கைவிடல. நாலு நாளைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கு. நீங்கதான் கேட்கல. இதை நான் போய்ச் சொன்னா அவங்க கேட்க மாட்டாங்க. நீங்க சொல்லிட்டுப் போங்க.”

அவர் துண்டை மூக்குக்குமேல் இழுத்து இறுக்கிக் கட்டினார். முற்றத்துக் கோடியிலேயே நின்று, உள்ளே இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“கிட்ட வராதீங்க. நாலு நாளா எனக்குச் சுக்கு மணம் தெரியல, கேட்டோ? எனக்கு அந்தச் சீக்கு வந்திருக்கு. மறைச்சு வெச்சு உங்ககூட உக்கார்ந்து சாயா குடிச்சேன், அது என் தப்பு. இனிமே காலையில ஒருத்தி ஒருத்தியா இங்க நின்னு, தண்ணிப் பக்கம் திரும்பி, ஒரு சுக்கை ஒடிச்சு மோந்து பார்க்கணும். மணம் தெரியாதவ உள்ளே போகக் கூடாது, சிஸ்டருக்குப் போன் செய்யணும். சாயாவும் அப்படித்தான். பேசணும்னா துண்டைக் கட்டிட்டுப் பேசுங்க.”

யாரும் ஓடவில்லை. ஒருத்தி அழுதாள். சற்று நேரம் கழித்து வாசலில் நின்ற இரண்டு பேர் தாமாகவே விலகி முற்றத்து ஓரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கும் முந்தின நாளிலிருந்து மணம் இல்லை. முதலாளி வெளியே வந்து, வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கு இந்த வாரம் ஏற வேண்டும், இதை மெல்லப் பேசித் தீர்க்கலாமே என்று ஆரம்பித்தார். ஜைனம்புக்கா அவரைப் பார்த்து, “நானே வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன், உங்க சரக்கு கொஞ்ச நாள் பொறுக்காதா?” என்றார். கிடங்கு இரண்டு வாரம் மூடப்பட்டது.

இதை நான் எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் கைதட்டிவிடுகிறார்கள். அதனால்தான் மீதியையும் எழுதுகிறேன்.

ஜைனம்புக்காவின் வீட்டுக்காரர் படகிலிருந்து மூட்டை இறக்கி நெஞ்சு கெட்டுப்போனவர். ஒற்றை அறை வீடு. அந்த நாலு நாளும் ஜைனம்புக்கா அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். அவருக்கும் நோய் உறுதியானது. இரண்டாவது வாரம் இறந்துபோனார். ஜைனம்புக்கா அப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். முகம் பார்க்கக்கூட முடியவில்லை. செய்தியைப் போனில் சொன்னவள் நான்தான். வேறு யாரையும் சொல்ல விடவில்லை. “குளிப்பாட்டினாங்களா?” என்று மட்டும் கேட்டார் அவர். அந்த நாள்களில் இருந்த விதிப்படி முடியவில்லை என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அவரிடம் எனக்கு நா எழவில்லை.

நோய் அந்த நடைக்கு எந்த நாளில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் சொன்ன உடனே சாயா நேரத்துக்குப் போயிருந்தால் தடுத்திருப்பேனா என்றும் சொல்ல முடியாது. ஆனால் பத்து நாள் முன்பே அந்தச் சாக்குகளைப் பார்த்திருப்பேன். போட்டோவைப் பார்த்து மயங்கிக் கிடந்த வாரங்களையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிடங்கு திறந்ததும் பெண்கள் அவர் சொன்னபடி செய்தார்கள். காலையில் முற்றத்தில் இடம் விட்டு நின்று, காயலைப் பார்த்துத் திரும்பி, சுக்கை ஒடித்து முகர்ந்தார்கள். சாயாவை ஆளுக்கொரு திசையில் திரும்பிக் குடித்தார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அந்தச் சோதனையால் இன்னும் மூன்று பேரை நேரத்தோடு பிடித்தோம். ஆனால் அதையே நம்பி உட்காரவில்லை. மணம் போகாமலும் இந்த நோய் வரும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன், மாதிரி எடுத்துச் சோதிப்பதை நிறுத்தவே இல்லை. பின்னால் வந்த அலை ஒன்றில் பலருக்கு மணம் போகவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தையே நானும் ஒரு நம்பிக்கையாகக் கட்டிக்கொண்டு கிடந்திருந்தால், மறுபடி ஒரு போட்டோவுக்கு ஏமாந்தவளாகியிருப்பேன்.

ஒருவர் நம்புவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வருகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். சிரிப்பதும் ஒன்றுதான், திட்டுவதும் ஒன்றுதான். இரண்டிலும் நாம் கேட்பதில்லை. அவர்கள் எதை எதற்காகச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். நாம் சொன்னதைத்தான் செய்கிறார்கள் என்று தோன்றும்போது இரண்டு மடங்கு கேளுங்கள்.

ஜைனம்புக்கா ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மணம் திரும்பவில்லை. அவரை அனுப்பிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். அந்தப் பதினெட்டு வருடக்காரி முகர்ந்து சொல்ல, கையாலும் கண்ணாலும் பார்த்து முடிவு சொல்வது ஜைனம்புக்காதான் என்று பெண்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலைச் சோதனைக்கு முற்றத்தில் நிற்பதும் அவரே. தன் கண்ணுக்குத் தப்பி ஒருத்தியும் உள்ளே போக முடியாதபடி நிற்பார்.

தடுப்பூசி வந்த பிறகு ஒரு நாள் மாலை, வேலை முடிந்து முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாதக்கணக்காக என் நெஞ்சில் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

“அக்கா, சாயா நேரத்துக்கு வந்து பார்க்கச் சொல்லி டாக்டர் அப்பவே சொன்னாங்க. நான் பத்து நாள் தாமதிச்சேன். முன்னமே வந்திருந்தா உங்க வீட்டுக்காரர்...”

அதெல்லாம் இறைவன் எழுத்து, நீ என்ன செய்வாய் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்.

ஜைனம்புக்கா கூட்டுவதை நிறுத்தினார். “ஆமா சிஸ்டரே,” என்றார். “வந்திருக்கணும்.”

அவர் குப்பையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னும் ஆறு பேர் ஊசி போட மாட்டேன்னு நிக்கிறாளுக. நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றே?”

“ஒன்பதுக்கு வர்றேன் அக்கா.”

“எட்டரைக்கு வா. வேலை தொடங்கிட்டா ஒருத்தியும் காது குடுக்க மாட்டா.”

எட்டேகாலுக்குப் போய் வாசலில் நின்றேன்.